மனநோயும் ஊர் மருத்துவரும்

கால் முறிந்தவனை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று யாரும் நம்மிடம் வந்து கேட்பதில்லை. பல் வலித்தால் யாரிடம் போவது, கண் மங்கினால் யாரிடம் போவது என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். மனம் நோயுற்றால் எங்கே போவது என்பது மட்டும் கற்றவர்களுக்கும் விளங்குவதில்லை. ஒருவர் கோயிலுக்குப் போகச் சொல்வார். ஒருவர் தர்காவில் தங்கச் சொல்வார். மந்திரிப்பவரைத் தேடிச் செல்வோரும் உண்டு. கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாள் பார்க்கத் தொடங்குவோரும் உண்டு. இவற்றுக்கு முன்போ பின்போ, அந்தக் குடும்பம் ஒருமுறையேனும் ஏறி இறங்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது பக்கத்துத் தெரு மருத்துவரின் அறை. கிராமமாயின், ஆரம்ப சுகாதார நிலையம்.

அங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர் மனநோய் மருத்துவத்தில் தனிப்பட்டம் பெற்றவர் அல்லர். காய்ச்சலையும் இருமலையும் சர்க்கரை நோயையும் பார்த்துக்கொண்டிருப்பவர். ஆயினும், மனம் நோயுற்று வந்தவரின் பிற்கால வாழ்வு எந்தத் திசையில் திரும்பும் என்பது பெரும்பாலும் அவர் அன்று எடுக்கும் முடிவைப் பொறுத்திருக்கிறது. ஆறுதல் சொல்லி அனுப்புவதா, தாமே மருந்து கொடுப்பதா, நிபுணரிடம் அனுப்புவதா, உடனே மருத்துவமனையில் சேர்ப்பதா என்பதே அந்த முடிவு.

நான் ஒரு மனநல மருத்துவன். இத்தகைய ஊர் மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்புகள் நடத்திவருகிறேன். அந்த வகுப்புகளில் நாங்கள் எதைக் கற்பிக்கிறோம், ஏன் கற்பிக்கிறோம் என்பதை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நோயாளியை அழைத்துவருபவர்கள் நீங்கள்தாம். ஆகையால் நீங்களும் அறிந்திருத்தல் நலம்.

இப்படி வருவோர் எத்தனை பேர் என்பதை முதலில் பார்ப்போம். 1975-ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டது. நம் நாட்டில் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் ஹரியானாவில் உள்ள ராய்ப்பூர் ராணி என்னும் ஊரகப் பகுதி. அவற்றுள் நான்கு நாடுகளில் சாதாரண சுகாதார நிலையங்களுக்கு வந்த நோயாளிகளை ஆராய்ந்து, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மனநோய் இருந்தது. ஆனால் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரையே அங்கிருந்த ஊழியர்கள் இனம் கண்டுகொண்டார்கள்.

மற்றவர்கள் ஏன் தவறிப்போனார்கள்? "எனக்கு மனநோய்" என்று அவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு வரவில்லை. தலைவலி என்றும், வயிற்றுவலி என்றும், இருமல் என்றும், பலவீனம் என்றும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நம் ஊர்களிலும் அப்படித்தான். உடம்பெல்லாம் அசதி, தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல், அடிவயிற்றில் எரிச்சல், இராத்தூக்கம் இல்லை என்று சொல்வார்கள். மருத்துவர் சத்து ஊசி ஒன்று போடுவார். வலி மாத்திரை நான்கு கொடுப்பார். பத்து நாள் கழித்து அதே நோயாளி அதே முறையீட்டுடன் திரும்பி வருவார். இப்படியே சில ஆண்டுகள் கழிவதும் உண்டு.

நம் நாட்டில் 2015, 2016 ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநோயால் அப்போது வருந்திக்கொண்டிருந்தனர். மதுப்பழக்கத்தால் வரும் நோயும் இதில் அடங்கும். சாதாரணமாகக் காணப்படும் மனச்சோர்வு, அச்சநோய் முதலியவற்றால் வருந்தியவர்களில் பெரும்பான்மையோருக்கு எவ்வித மருத்துவமும் கிட்டவில்லை. இத்தனை பேரையும் மனநல நிபுணர்களே பார்த்துவிடுதல் இயலாது. பார்க்க வேண்டியதும் இல்லை. யார் நிபுணரைக் காண வேண்டியவர், யார் காண வேண்டாதவர் என்று பிரித்தறிவதே முதல் வேலை.

முற்காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. சென்னையில் மனநோயாளருக்கென ஓர் இல்லம் 1794-இலேயே ஏற்பட்டது. பின்னர் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறி இன்றளவும் பெரிய மருத்துவமனையாக விளங்குகிறது. ஆனால் நெடுங்காலம் வரையில், மனநோய் என்றால் மதில் சூழ்ந்த மருத்துவமனை ஒன்றே வழி. முற்றியவர் உள்ளே போனார். மற்றவர் வீட்டிலேயே கிடந்து உழன்றார். 1952-இல் பாரிஸ் நகரத்தில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனச்சிதைவு நோயைத் தணிக்கக் கண்டார்கள். 1957-இல் சுவிட்சர்லாந்தில் இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வை நீக்கக் கண்டார்கள். அதன் பிறகு, வீட்டில் இருந்துகொண்டே நோயாளி குணமடைய வழி பிறந்தது. பேச்சினால் செய்யும் சிகிச்சை முறைகளும் ஒழுங்குபெற்று வளர்ந்தன. வழிகள் பலவானதும், யாருக்கு எந்த வழி என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

எங்கள் வகுப்பில் முதல் நாளன்று விரிவுரை எதுவும் செய்வதில்லை. நான்கு சீட்டுகளைக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு இருக்கும். "இவர் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறோம். அச்சீட்டுகளை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதற்சீட்டு, கணவரை இழந்து இரண்டு மாதமே ஆன ஓர் அம்மையார். அழுகிறார், சரியாக உண்பதில்லை, இரவில் விழித்துக் கிடக்கிறார். ஆயினும் பேரனைக் கண்டால் முகம் மலர்கிறது. வீட்டு வேலையைச் செய்கிறார். மருத்துவர்களில் பலர் இவருக்குத் தூக்க மாத்திரை எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இது நோயே அன்று, துக்கம். இவருக்கு வேண்டியது காதுகொடுத்துக் கேட்கும் ஒருவரும், சுற்றத்தாரின் துணையும், காலமுமே. தூக்க மாத்திரையோ சில வாரங்களிலேயே பழக்கமாகிப் பிறகு விடமுடியாததாகிவிடும். ஆகையால் மாத்திரை எழுதாமல் அனுப்புவதே இங்குச் சரியான மருத்துவம். ஆனால் "ஒரு மாதம் கழித்து மறுபடியும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். ஏனெனில் துக்கம் நாளடைவில் மனச்சோர்வு நோயாக மாறுவதும் உண்டு.

இரண்டாவது சீட்டு, நாற்பது வயது மாது. மூன்று மாதமாக உடல்வலி, அசதி. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் நாட்டம் இல்லை. தாம் குடும்பத்துக்குப் பாரம் என்று எண்ணுகிறார். இவரிடம் மருத்துவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த இரண்டு வாரமாக மனம் வாடியே இருக்கிறதா? முன்பு விரும்பிச் செய்த காரியங்களில் இப்போது விருப்பம் குறைந்துவிட்டதா? ஆம் என்று விடை வந்தால் மேலும் ஆராய வேண்டும். இரத்தச்சோகை இருக்கிறதா, தைராய்டு சுரப்பி குன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் மனச்சோர்வைப் போலவே வேடம் காட்டும். முன்னொரு காலத்தில் காரணமின்றி மிகுந்த களிப்பும், ஓயாத பேச்சும், தூக்கம் வேண்டாத சுறுசுறுப்பும் சில நாட்கள் இருந்தனவா என்றும் கேட்க வேண்டும். இருந்திருப்பின் அது இருதுருவ நோய். அதற்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் களிவெறி கிளம்பக்கூடும். அவரை நிபுணரிடம் அனுப்புதல் வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையாயின், இந்த மாதினை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஊர் மருத்துவரே பேசியும், வேண்டுமாயின் மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்பதையும், குணம் கண்ட உடனே நிறுத்தலாகாது, பல மாதங்கள் தொடர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமையால், "நாலு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று மருந்தை எறிந்துவிட்டவர்கள் பலர்.

மூன்றாவது சீட்டு, பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன். ஆறு மாதமாக நண்பர்களை விட்டு விலகுகிறான். தனியே பேசுகிறான். அண்டை வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். யாரும் இல்லாதபோதும் குரல் கேட்கிறது என்கிறான். இவனை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அதுவும் தாமதியாமல் அனுப்ப வேண்டும். மனச்சிதைவு நோயில் மருத்துவம் தொடங்கத் தொடங்கக் காலம் கடந்தால் குணம் காண்பதும் அரிதாகிறது. ஆனால் அனுப்பியதோடு ஊர் மருத்துவரின் கடமை முடிந்துவிடுவதில்லை. நிபுணர் வகுத்துத் தரும் மருந்தை மாதந்தோறும் தொடர்ந்து கொடுப்பதும், பக்க விளைவுகளைக் கவனிப்பதும், பெற்றோருக்குத் தைரியம் சொல்வதும் அவர் பொறுப்பே. இந்நோயில் மருந்தோடு தொழிலும் பழக்கமும் வேண்டும். கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பை நிறுவியது இந்த மறுவாழ்வுத் தேவையை உணர்ந்ததனாலேயே.

நான்காவது சீட்டில் மூவர் இருக்கிறார்கள். மூவரும் உடனே கவனிக்கப்பட வேண்டியவர்கள். ஒருத்தி பிள்ளை பெற்றுப் பத்து நாளான தாய், உறக்கமின்றிப் பிதற்றுகிறாள், குழந்தை தன்னுடையது அன்று என்கிறாள். ஆயிரம் பேற்றில் ஒன்று இரண்டில் வரக்கூடிய இந்நோயில் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து உண்டு. அன்றே மனநல மருத்துவப் பிரிவில் சேர்க்க வேண்டும். மற்றொருவர் நாள்தோறும் குடித்துவந்தவர். குடியை நிறுத்தி மூன்று நாளாகிறது. கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் காண்கிறார். மூன்றாமவர் எழுபது வயது முதியவர். நேற்று வரை தெளிவாக இருந்தவர், இன்று இடம் காலம் தெரியாமல் குழறுகிறார்.

இம்மூவரையும் மனநல மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவேன் என்று வகுப்பில் சிலர் சொல்வது வழக்கம். தாயைப் பொறுத்தவரை அது சரி. மற்ற இருவரையும் முதலில் சேர்க்க வேண்டியது பொது மருத்துவமனையில். குடியை நிறுத்தியவருக்கு வந்திருப்பது உயிரையே பறிக்கக்கூடிய உடல்நிலைக் குலைவு. அவருக்குத் தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் இடைவிடாத கண்காணிப்பும் வேண்டும். முதியவருக்குச் சிறுநீர்த் தாரையில் தொற்றோ, நுரையீரல் அழற்சியோ, இரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம். அதைக் கண்டு சரிசெய்தால் புத்தி தானே தெளிந்துவிடும். மனம் பிறழ்ந்தாற்போலத் தோன்றுவனவெல்லாம் மனநோய் அல்ல என்பதை மருத்துவர் நினைவில் வைத்தல் வேண்டும்.

சீட்டில் எழுதாத ஒன்றும் உண்டு. மேலே சொன்னவர்களுள் யாரிடமும் இருக்கக்கூடியது அது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நோயாளியைக் கேட்கச் சொன்னால், மருத்துவர்களே தயங்குகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தாற்போல் ஆகாதா என்கிறார்கள். ஆகாது. பரிவோடு கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. உள்ளே புதைந்திருந்த பாரம் சற்று இறங்குவதையே காண்கிறோம். இருக்கிறது என்று அவர் சொன்னால், தனியே விடாமல் துணை வைப்பதும், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்வதும், அன்றே நிபுணருடன் தொடர்பு கொள்வதும் மருத்துவரின் வேலை.

இவற்றையெல்லாம் மருத்துவக் கல்லூரியிலேயே கற்பிக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். கற்பிக்கிறோம். ஆனால் அறுவை மருத்துவத்துக்கும் மகப்பேற்று மருத்துவத்துக்கும் ஒதுக்கும் காலத்தை நோக்க, மனநோய்க்கு ஒதுக்கும் காலம் மிகச் சிறிது. அன்றியும், மாணவன் பயில்வது பெரிய மருத்துவமனையில். அங்கு முற்றிய நோயாளிகளையே காண்கிறான். ஊரில் பணியாற்றத் தொடங்கிய பின் அவன் முன் வந்து அமர்பவரோ, உடம்பெல்லாம் அசதி என்று சொல்லும் அம்மாள். இங்கிலாந்தில் கோல்ட்பெர்க், ஹக்ஸ்லி என்னும் இருவர் 1980-இல் எழுதிய நூலில், நோயாளிகள் ஊரிலிருந்து நிபுணரிடம் சென்று சேரும் வழியைச் சல்லடைகள் அடுக்கியதைப்போல விளக்கினார்கள். அவற்றுள் இரண்டு சல்லடைகள் ஊர் மருத்துவரின் கையில் இருக்கின்றன. நோயை அவர் இனம் காண்கிறாரா என்பது ஒன்று. இனம் கண்டபின் அனுப்புகிறாரா என்பது மற்றொன்று.

ஆகையால் பணியில் இருக்கும் மருத்துவருக்கே பயிற்சி தர வேண்டியிருக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. 1985-இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, எளிய சில மருந்துகளையும் அங்கேயே கிடைக்கச் செய்தது. அதைப் பின்பற்றியே 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. உலக சுகாதார நிறுவனமும் 2010-இல், தனிப்பட்டம் பெறாத மருத்துவர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. இந்தக் குறி கண்டால் இதைக் கேள், இது இருந்தால் இங்கே அனுப்பு என்று படிப்படியாகக் காட்டும் நூல் அது.

பயிற்சியில் பெற்ற அநுபவத்தைக் கொண்டு ஒன்று சொல்வேன். விரிவுரை மட்டும் கேட்ட மருத்துவர் தேர்வில் நன்றாக எழுதுகிறார். ஊருக்குத் திரும்பியதும் பழையபடியே ஊசி போடுகிறார். நோயாளியோடு பேசிப் பழகியவரே மாறுகிறார். ஆகவே வகுப்பில் ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து, மற்றவரைக் கேள்வி கேட்கச் செய்கிறோம். நோயாளி பேசத் தொடங்கியதும் எத்தனை விரைவில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்பதை அப்போது அவரே கண்டு நாணுகிறார். லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்னும் அறிஞர், ஊர் மருத்துவர்களைக் குழுவாக அமர்த்தி, அவரவர் நோயாளிகளைப் பற்றி வாரந்தோறும் கலந்து பேசச் செய்தார். 1957-இல் அதனை நூலாகவும் எழுதினார். பயிற்சி முடிந்த பிறகும் இத்தகைய கலந்துரையாடல் தொடர வேண்டும். மாதத்தில் ஒரு நாள் நிபுணர் தொலைபேசியிலேனும் ஐயம் தீர்க்க முன்வந்தால், கற்றது மறவாது.

கோவாவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியையும் குறிப்பிட வேண்டும். அங்கே மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நோயாளிகளோடு இருந்து பேசினார்கள்; நோயின் கடுமைக்குத் தக்கபடி படிப்படியாக மருந்தும், நிபுணர் உதவியும் சேர்க்கப்பட்டன. 2010-இல் வெளிவந்த முடிவின்படி, அரசு சுகாதார நிலையங்களில் இம்முறையால் குணமடைந்தோர் மிகுந்தனர். நேரம் இல்லை என்று சொல்லும் மருத்துவருக்கு இது நல்ல விடை. எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டியதில்லை. யார் செய்வது என்று அறிந்து பிரித்துக் கொடுத்தால் போதும்.

பொருத்தமான இடம் என்பது நோயை மட்டும் பார்த்து முடிவு செய்வது அன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கினையும் மருத்துவத்தின் கூறுகளாக வைத்திருக்கிறது. அறுபது மைலுக்கு அப்பால் உள்ள நிபுணரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம். பஸ்ஸுக்குப் பணம் உண்டா, ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியுமா, அழைத்துப் போக ஆள் உண்டா என்று கேட்டால்தான் அந்தச் சீட்டுக்குப் பொருள் உண்டு. எந்தக் கிழமையில், எந்த அறையில், யாரைக் காண வேண்டும் என்று எழுதி, நோயின் விவரத்தையும் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தால் நோயாளி போய்ச் சேருவார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் அவர் வீட்டுக்கே போய்விடுவார்.

போக வேண்டிய இடம் தெரியாத குடும்பங்கள் கடைசியில் என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட உறவினர் அன்பில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். வழிபாட்டில் ஆறுதல் தேடியதும் குற்றமன்று. வழிபாட்டோடு மருந்தும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று, பின்னர் ஏர்வாடித் தர்காவிலேயே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த 28 பேரில் ஒவ்வொருவரும் நோயின் தொடக்கத்தில் ஏதேனும் ஒரு மருத்துவரின் அறை வாயிலைக் கடந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே என்னை வருத்துகிறது. அன்று ஒருவர் வழிகாட்டியிருந்தால் அவர்கள் அங்கே போயிருக்க வேண்டியதில்லை.

2018-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடைசெய்கிறது. மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் பணிபுரியும் மருத்துவ அலுவலர் அனைவருக்கும், அடிப்படை மனநல மருத்துவத்திலும் அவசரகால மனநல மருத்துவத்திலும் பயிற்சி தருதல் அரசின் கடமை என்று விதிக்கிறது. சட்டம் வந்துவிட்டது, பயிற்சி ஊர்தோறும் சென்று சேர வேண்டும்.

நேயர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் மாறிப்போய்விட்டார் என்று தோன்றினால், உடல் உபாதையை மட்டும் சொல்லாமல், உறக்கம், உணவு, பேச்சு, வேலை ஆகியவற்றில் கண்ட மாறுதல்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை நாளாக என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால், எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று தயங்காமல் கேளுங்கள். வேறிடம் போகச் சொன்னால், எங்கே, யாரிடம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரை அணுக முடியாத நேரத்தில், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்னும் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மனநோயாளிக்கு உதவும் வழிகள் இன்று நம்மிடம் பல இருக்கின்றன. அவற்றுள் தமக்கு உரியதை நோயாளி தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடலாகாது. முதன்முதலில் அவரைக் காணும் மருத்துவர் அதை அறிந்திருத்தல் வேண்டும்; அறியும்படி அவரைப் பயிற்றுவித்தல் எங்களைப் போன்றோர் கடமை.